1970 சேலஞ்சருக்கு எந்த நிறம்? பழைய பச்சையா, கத்திரிப்பூவா?

ஹூஸ்டனில் இருக்கும் நண்பர் ஒருவரின் கேள்வி இது. 1970 டாட்ஜ் சேலஞ்சர் ஒன்றை வாங்கியிருக்கிறார். 318 கன அங்குல என்ஜின், ஆட்டோமேட்டிக் கியர். உள்ளே கருப்பு வினைல் சீட்டுகள். வெளியே மங்கிப்போன சிவப்பு. டிரங்க்கைத் திறந்தால் ஓரங்களில் கரும்பச்சை எட்டிப் பார்க்கிறது. சின்ன வயதிலிருந்து அவர் மனதில் இருப்பதோ 'பிளம் கிரேசி' என்கிற அந்தக் கத்திரிப்பூ நிறம். பழைய நிறத்தை மாற்றினால் மதிப்பு போய்விடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். கருப்பு அடித்து வெள்ளைக் கோடு போடு என்று ஒருவர் சொல்கிறார். கராஜில் நானே அடிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். கடைசியாக, "இவ்வளவு செலவு செய்து பெயிண்ட் அடித்தபிறகு வெளியே எடுக்கவே மனசு வராதோ என்று பயமாக இருக்கிறது" என்று முடித்திருக்கிறார்.

மேலே உள்ள மற்ற கேள்விகள் எல்லாம் அந்தக் கடைசி வரியில்தான் போய் முட்டுகின்றன என்று எனக்குப் படுகிறது. இந்தக் காரை யாருக்காகப் பெயிண்ட் அடிக்கப் போகிறீர்கள்? என்றோ ஒருநாள் வாங்கப் போகிறவருக்காகவா, கண்காட்சியில் பார்க்க வருகிறவர்களுக்காகவா, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டப் போகிற உங்களுக்காகவா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் நிறம் பாதி முடிவான மாதிரி.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மிச்சிகனில் இருபது வருடத்துக்கு மேலாக கார் பெயிண்ட் தொழிலில் இருக்கிறேன். அதில் பெரும்பகுதி நிறம் பொருத்தும் ஆய்வகத்தில். வீட்டில் ஒரு 1970 பிளிமத் டஸ்டர் இருக்கிறது, நானே அடித்த நீலம். என்ஜின் விஷயத்தில் நான் வெறும் ஆர்வலன்தான். உங்கள் காரை நேரில் பார்க்கவும் இல்லை. அதனால் பெயிண்ட் பற்றி உறுதியாகச் சொல்வேன், மற்றதை அபிப்பிராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கார் என்னவாகப் பிறந்தது என்று பாருங்கள். பானெட்டைத் திறந்தால் ஓட்டுநர் பக்கத்து உள் ஃபெண்டரில் (முன் சக்கரத்தை மூடும் தகரத்தின் உள்பக்கம்) ஒரு சிறிய தகடு இருக்கும், தொலைந்து போகாமல் இருந்தால். ஃபெண்டர் டேக் என்பார்கள். அதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கீழிருந்து இரண்டாவது வரியின் தொடக்கத்தில் இருப்பது நிறக் குறியீடு. நீங்கள் சொல்லும் கரும்பச்சை பெரும்பாலும் இஎஃப்8 ஆக இருக்கும். பிளம் கிரேசி என்றால் எஃப்சி7. தகடு இல்லையென்றால் சீட்டுக்கு அடியில், ஸ்பிரிங்குகளுக்குள் தேடுங்கள். தொழிற்சாலையில் வண்டியோடு போன விவரத் தாள், பிராட்காஸ்ட் ஷீட் என்பார்கள், அங்கே சுருண்டு கிடப்பது உண்டு. ஃபோர்டுக்காரர்களுக்கு 1967 முதலான வண்டிகளுக்கு மார்ட்டி ரிப்போர்ட் இருக்கிறது, பான்டியாக்குக்கு பிஎச்எஸ் ஆவணம் இருக்கிறது. டாட்ஜ், பிளிமத் போன்ற கிரைஸ்லர் குடும்பத்து வண்டிகளுக்கு அப்படி வண்டி எண்ணைக் கொடுத்தால் எல்லாம் வந்துவிடும் ஏற்பாடு இல்லை. தகடும் தாளும் கிடைத்தால் பத்திரமாக வையுங்கள். பெயிண்ட் கடைக்கு வண்டி போவதற்கு முன் தகட்டைக் கழற்றி வீட்டில் எடுத்து வைத்துவிடுங்கள்.

அப்புறம் மதிப்பு. முன் கண்ணாடிக்குக் கீழே, டாஷ்போர்டில் தெரியும் வண்டி எண்ணின் முதல் எழுத்துக்கள் உங்களுக்கு ஜேஎச்23ஜி என்று இருக்க வேண்டும். ஜி என்றால் 318. ஆர்/டி எனும் வேக வகை வண்டி என்றால் ஜேஎஸ் என்று தொடங்கும். 426 ஹெமி என்றால் ஜி இருக்கும் இடத்தில் ஆர் வரும். ஹெமி, 440 சிக்ஸ் பேக் போன்ற சக்திமிக்க என்ஜின் உள்ள வண்டிகளுக்குப் பிறந்த நிறம் என்பது பணம். அங்கே நிறத்தை மாற்றுவது வைரத்தை உரசிப் பார்ப்பது மாதிரி. உங்கள் 318 அந்த வகை இல்லை. அன்றைய கணக்கில் 230 குதிரைத்திறன், சாதாரணக் குடும்பங்கள் வாங்கிய வண்டி. இதை வாங்க வருகிறவர் முதலில் குனிந்து பார்ப்பது துருவை, அடுத்து வேலையின் தரத்தை. நன்றாகச் செய்த கத்திரிப்பூ நிறம், அரைகுறையாகச் செய்த பச்சையைவிட நல்ல விலைக்குப் போகும் என்பது நான் திரும்பத் திரும்பப் பார்த்தது. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ஆர்/டி சின்னத்தை ஒட்டாதீர்கள். கோடு வேண்டுமானால் போடுங்கள். 1970இல் அவை ஒட்டும் டேப்பாகத்தான் வந்தன. நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டுக்கு மேலேயே ஒட்டினால், பிடிக்காவிட்டால் பிறகு உரித்துவிடலாம்.

இப்போது நிறத்துக்கு வருவோம். பிளம் கிரேசிக்குப் பின்னால் ஒரு நல்ல கதை உண்டு. 1969இல் கிரைஸ்லர் கண்ணைப் பறிக்கும் நிறங்களைக் கொஞ்சம் கூடுதல் காசுக்குக் கொடுக்கத் தொடங்கியது. ஹை இம்பாக்ட் என்று பெயர். ஒரே பெயிண்ட்தான், டாட்ஜ் கடையில் ஒரு பெயர், பிளிமத் கடையில் இன்னொரு பெயர். டாட்ஜில் பிளம் கிரேசி, பிளிமத்தில் இன்-வயலட். டாட்ஜில் கோ மாங்கோ, பிளிமத்தில் வைட்டமின் சி. கிளிப்பச்சைக்கு இங்கே சப்லைம், அங்கே லைம் லைட். ஜெனரல் மோட்டார்ஸிலும் இதே விளையாட்டு நடந்தது: 1969 கமாரோவின் ஹக்கர் ஆரஞ்சும் பான்டியாக் ஜட்ஜின் கரோசல் ரெட்டும் ஒரே பெயிண்ட்தான். பெயரில் சிவப்பு இருந்தாலும் வண்டி ஆரஞ்சு.

அன்றைக்கு இந்த நிறங்களைத் துணிந்து வாங்கியவர்கள் குறைவு. பெரும்பாலான வண்டிகள் பச்சையாகவும் தங்க நிறமாகவும் பழுப்பாகவும் வெள்ளையாகவும்தான் வெளியே வந்தன. இன்றைக்கு நிலைமை தலைகீழ். உட்வர்டு டிரீம் குரூஸ் கேள்விப்பட்டிருப்பீர்கள். டெட்ராய்ட்டை ஒட்டிய ஃபெர்ன்டேலில் தொடங்கி பான்டியாக் நகரம் வரை, உட்வர்டு அவென்யூவில் ஆகஸ்ட் மாத மூன்றாவது சனிக்கிழமை நடக்கும் பழைய கார்களின் ஊர்வலம், 1995இல் தொடங்கியது. சாலையோரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் கத்திரிப்பூ நிறச் சேலஞ்சர்களை எண்ணி முடியாது. 2010இல் புதிய சேலஞ்சருக்கும் டாட்ஜ் அதே நிறத்தைக் கொடுத்ததால் புதுசும் பழசும் கலந்து வருகின்றன. நடுவில் கரும்பச்சையில் ஒரு 1970 வண்டி வந்தால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் எழுந்து வருகிறார்கள். "எங்கள் அண்ணன் வைத்திருந்தது இந்த நிறம்தான்" என்பார்கள். அவர்கள் தெருவில் உண்மையில் நின்ற வண்டி அதுதான்.

ஆக, எனக்குப் பிடித்தது பச்சை என்பதை மறைக்கவில்லை. ஆனால் நீங்கள் சின்ன வயதில் கண்ட கனவு கத்திரிப்பூ. அதை என் ரசனைக்காக விட்டுக்கொடுக்க வேண்டாம். இரண்டையும் சரியாகப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்பதுதான் நான் கேட்பது, ஏனென்றால் பலரும் பார்ப்பதே இல்லை. கணினித் திரையிலும் இரண்டு விரல் அகல அட்டையிலும் பார்த்துவிட்டு இருபதாயிரம் டாலர் செலவழிக்கிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் பட்டுப்புடவை எடுக்கும்போது கடை விளக்கை நம்புகிறார்களா? புடவையை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிரித்துப் பார்க்கிறார்கள். அதுதான் சரியான முறை. ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் இன்னொரு வெளிச்சத்தில் வேறு வேறாகத் தெரியும். ஆய்வகத்தில் எங்கள் வேலையில் பாதி இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டுவதுதான்.

உங்கள் இரண்டு நிறங்களும் மெட்டாலிக் என்பதால் இது இன்னும் முக்கியம். மெட்டாலிக் பெயிண்டில் மெல்லிய அலுமினியத் துகள்கள் படுத்துக் கிடக்கின்றன. நேராகப் பார்த்தால் அவை ஒளியைத் திருப்பி அடித்து வெளிறிக் காட்டும். சாய்ந்து பார்த்தால் நிறம் இருண்டு ஆழமாகும். மயில்கழுத்துப் பட்டு அசையும்போது மாறுமே, காரணம் வேறு என்றாலும் கண்ணுக்குக் கிடைக்கும் சுகம் அதே மாதிரிதான். சேலஞ்சரின் பின்பக்கம் இடுப்பு மாதிரி வளைந்து எழும்பும் இடத்தில் இந்த மாற்றம் முழுதாகத் தெரியும். தட்டையான அட்டையில் தெரியாது. அதனால் கடைக்காரரிடம் வளைவான ஒரு தகரத்தில், பழைய ஃபெண்டர் துண்டு கிடைத்தால் அதிலேயே, இரண்டு நிறங்களையும் கிளியர் கோட் உட்பட அடித்துத் தரச் சொல்லுங்கள். நூறு, நூற்றைம்பது டாலர் ஆனாலும் கொடுங்கள். காலை, உச்சி வெயில், மாலை, மேகமூட்டம், இரவில் பெட்ரோல் பங்க் விளக்கு என்று ஒரு வாரம் பாருங்கள். உள்ளே கருப்பு வினைல் என்று எழுதியிருக்கிறீர்கள், அது இரண்டு நிறத்துக்கும் பொருந்தும். உள்ளேயும் பச்சையாக இருந்திருந்தால் கத்திரிப்பூவை வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

கருப்பு பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். பளபளக்கும் கருப்பு ஒரு கண்ணாடி. ஐம்பது வருடத்துத் தகரத்தில் இருக்கும் ஒவ்வொரு அலையையும் அது காட்டிக் கொடுக்கும். கதவுக்குப் பக்கத்தில் நின்று மேலே உள்ள டியூப்லைட்டின் பிம்பத்தைப் பாருங்கள். நேர்கோடாக இல்லாமல் பாம்பு மாதிரி நெளிந்தால் அடியில் வேலை சரியில்லை. வெளிர் நிறத்தில் அந்த நெளிவு கண்ணில் படாது, கருப்பில் தெருமுனையிலிருந்தே தெரியும். ஹூஸ்டன் வெயிலில் அந்தத் தகரத்தில் கையை வைக்கவும் முடியாது.

பணம் எங்கே போகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தெளிப்பது ஒரு நாள் வேலை. மற்ற வாரங்கள் முழுக்க தேய்ப்பதில் போகும். பழைய பெயிண்டை நீக்கி, துருவை வெட்டி, தகரம் வைத்து, எபாக்ஸி பிரைமர், அதன்மேல் கனமான பிரைமர். பிறகு கருப்புப் பொடியை மெல்லிசாகத் தூவி நீளமான கட்டையில் மணல்தாள் கட்டித் தேய்ப்பார்கள். மேடான இடத்தில் பொடி போய்விடும், பள்ளத்தில் கருப்பு அப்படியே நிற்கும். பொடி எல்லா இடத்திலும் ஒரே சீராகப் போகும் வரைக்கும் விடக்கூடாது. நிறம் மாற்றுவதென்றால் கதவு ஓரங்கள், டிரங்க் உள்பக்கம், என்ஜின் அறை எல்லாம் மாற வேண்டும், அதற்கு என்ஜின் வெளியே வர வேண்டும். உங்கள் வண்டியைச் சிவப்பாக்கியவர் இதைத்தான் தவிர்த்திருக்கிறார். அதனால்தான் பச்சை இன்னும் எட்டிப் பார்க்கிறது. மிச்சிகனில் நான் பார்த்த அளவில் இந்த வேலையை ஒழுங்காகச் செய்ய 15 ஆயிரம் டாலருக்குக் கீழே கேட்பவரை நம்புவதில்லை. பின் ஃபெண்டரிலும் டிரங்க் தரையிலும் துரு இருந்தால் இரண்டு மடங்கு ஆகலாம். பச்சைக்கே திரும்பினால், ஓரங்களில் பழைய பெயிண்ட் நன்றாக இருக்கும் பட்சத்தில், கொஞ்சம் மிச்சமாகும். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவின் அடிப்பாகத்திலும் சக்கர வளைவுகளிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் கீழே விழுந்தால் அங்கே தகரத்துக்குப் பதில் புட்டிதான் இருக்கிறது.

கராஜில் நீங்களே அடிப்பது பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இன்றைய இரண்டு கலவை யூரிதேன் பெயிண்ட், கிளியர் கோட் எல்லாவற்றிலும் இறுகுவதற்காகக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அது நுரையீரலைக் கெடுக்கும், ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க ஆஸ்துமா. கடையில் விற்கும் சாதாரண முகமூடியை நம்பி அடிக்காதீர்கள். வெளியிலிருந்து காற்று வரும் கவசம் வேண்டும். பக்கத்து அறையில் குழந்தைகள் தூங்கும் வீட்டின் கராஜில் இது கூடவே கூடாது. கழற்றுவது, தேய்ப்பது, பூட்டுவது எல்லாம் நீங்கள் செய்யுங்கள். தெளிப்பதைக் கடையில் விடுங்கள். தேய்க்கும்போதும் தூசிக்கு முகமூடி வேண்டும். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு.

கடையில் ஒரு விஷயத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. என் டஸ்டரை நண்பர் ஒருவரின் கடையில் அடித்தபோது உடலை ஒரு சனிக்கிழமையும் பானெட்டை அடுத்த சனிக்கிழமையும் அடித்தேன். ஒரே டப்பா, ஒரே துப்பாக்கி. பூட்டிவிட்டு வெளியே தள்ளினேன். பானெட் ஒரு நீலம், ஃபெண்டர் ஒரு நீலம். இரண்டாம் வாரம் அறை சூடாக இருந்தது, பெயிண்ட் சீக்கிரம் காய்ந்துவிட்டது, துகள்கள் படுத்த கோணம் மாறிவிட்டது. ஆய்வகத்தில் தினமும் இதைத்தான் அளந்துகொண்டிருந்தேன், சொந்த வண்டியில் கோட்டைவிட்டேன். மெட்டாலிக் என்றால் எல்லாப் பகுதிகளையும், வண்டியில் இருக்கும் அதே நிலையில் நிறுத்தி, ஒரே நாளில், ஒரே கலவையில் அடிக்க வேண்டும். முடியாது என்று சொல்லும் கடை என்றால் வேறு கடை பாருங்கள்.

அந்தக் காலத்து மாதிரியே கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பூச்சு போதுமா என்று சிலர் கேட்பார்கள். அன்று கிரைஸ்லர் அடித்தது அக்ரிலிக் எனாமல், ஜெனரல் மோட்டார்ஸ் அடித்தது அக்ரிலிக் லேக்கர். கிளியர் கோட் எண்பதுகளில்தான் பரவலானது. மெட்டாலிக் அல்லாத சாதா நிறத்துக்கு ஒற்றைப் பூச்சு அழகு. மெட்டாலிக்கில் வேண்டாம், பாலிஷ் போடும்போது துகள்களையே சீண்டுவீர்கள். கிளியர் கோட் போட்டால் பாலிஷ் எல்லாம் மேல்பூச்சோடு நின்றுவிடும், வெயிலும் கொஞ்சம் தடுக்கப்படும்.

இனி அந்தப் பயத்துக்கு வருகிறேன். கண்காட்சித் தரத்துக்கு அடித்த வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மூடிய டிரெய்லரில் வந்து, புல்லில் இறங்கி, துடைக்கப்பட்டு, மறுபடி டிரெய்லரில் ஏறும். அதில் சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் அதற்காகவே செய்கிறார்கள். நீங்கள் ஓட்ட வேண்டும் என்று வாங்கியவர். அப்படியானால் கடையில் "டிரைவர் குவாலிட்டி", அதாவது ஓட்டுகிற வண்டிக்கான தரம், என்று சொல்லிக் கேளுங்கள். அடித்தளத் துருவேலை முதல் தரமாக இருக்கட்டும், அதில் சமரசம் கூடாது. மேல்பூச்சில் லேசான ஆரஞ்சுத்தோல் சொரசொரப்பு இருந்தால் இருக்கட்டும். தொழிற்சாலையிலிருந்து புதிதாக வெளியே வந்தபோதும் அது இருந்தது. அந்தக் கடைசிப் பத்து சதவீதப் பளபளப்பு மட்டுமே பல ஆயிரம் டாலர். அதைத் தவிர்த்தால் பணமும் மிச்சம், முதல் கல் தெறித்துச் சின்னப் பொட்டு விழும்போது நெஞ்சும் அடைக்காது. அந்தப் பொட்டு நிச்சயம் விழும். தொட்டு மூட அதே கலவையில் சின்ன பாட்டில் ஒன்றைக் கடையிலிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நீங்கள் எதிர்பார்க்காத யோசனையாக இருக்கலாம்: இந்த வருடம் பெயிண்ட் அடிக்காதீர்கள். அந்த அசிங்கமான சிவப்பிலேயே ஒரு வருடம் ஓட்டுங்கள். 318 சேலஞ்சருக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான் வழக்கமாக வந்தது. முன்பக்கம் டிஸ்க்காக மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் அதுதான் முதல் செலவு. டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். பத்து வருடம் தாண்டியிருந்தால் ரப்பர் எவ்வளவு புதுசாகத் தெரிந்தாலும் மாற்றுங்கள். ஹூஸ்டன் டிராஃபிக்கில் ரேடியேட்டர் தாங்குகிறதா, எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் குழாய்கள் இளகியிருக்கிறதா, எல்லாம் ஓட்டினால்தான் தெரியும். இந்த வேலைகளைப் பெயிண்டுக்கு முன்னால் முடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். என் டஸ்டரின் உள் ஃபெண்டரில், பிரேக் ஆயில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கிய தோல் மாதிரி ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது. இன்சூரன்ஸை மட்டும் இப்போதே பழைய கார்களுக்கான, மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் வகைக்கு மாற்றிவிடுங்கள்.

அந்த ஒரு வருடத்தில் இன்னொன்றும் நடக்கும். பெட்ரோல் போட நின்றால் யாராவது வந்து பேசுவார்கள். உங்கள் பிள்ளைகள் பின் சீட்டில் ஜன்னலை இறக்கிவிட்டு வருவார்கள். வண்டி உங்களுக்குப் பழகும், நீங்கள் வண்டிக்குப் பழகுவீர்கள். பிறகு நிறத்தைத் தேர்ந்தெடுப்பது புகைப்படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது போல இருக்காது. அதற்குப் பிறகும் கத்திரிப்பூதான் என்றால், ஒரு நொடிகூட யோசிக்காமல் அதையே அடியுங்கள்.

அதுவரை ஒரு சின்ன வேலை. டிரங்க் மூடியின் உள் ஓரத்தில் பச்சை தெரியும் இடத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, மென்மையான துணியில் கொஞ்சம் பாலிஷ் எடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு மெதுவாகத் தேயுங்கள். துணியில் பச்சை ஏறினால் அது கிளியர் கோட் இல்லாத பழைய பூச்சு, அநேகமாகத் தொழிற்சாலையில் அடித்ததே. அப்போது நிறுத்திவிட்டு, காலை பத்து மணி வெயிலில் அந்த இடத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். பார்க்க ஆசையாக இருக்கிறது.